வைரசை இனங்காட்டிய ஒல்லாந்து விஞ்ஞானி பெயரிங்க்

வைரசு என்ற சொல்லை இன்று அறியாதவர் எவருமில்லை. உலகையே முடக்கிய 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய், அச்சொல்லைப் பாமரரின் நாவிலும் பதித்துவிட்டது. எனினும் இந்த நோய்க்காரணி மனித உடலிலன்றி, முதன்முதலில் புகையிலைச் செடியின் இலையிலேயே இனங்காணப்பட்டது என்பதைப் பலர் அறியார். அது பற்றீரியாவிலிருந்து முற்றிலும் வேறானது என்று துணிந்து கூறியவர் ஒல்லாந்து நாட்டு நுண்ணங்கியியல் அறிஞர் மார்ட்டினஸ் வில்லெம் பெயரிங்க் ஆவார்.

பெயரிங்க் 1851 ஆம் ஆண்டு மார்ச் 16 ஆம் திகதி அம்ஸ்டர்டாமில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு புகையிலை வணிகர். வணிகம் நொடித்துப்போகவே குடும்பம் வறுமையுற்றது. தந்தை புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகப் பணிபுரிய நேர்ந்தது. குடும்பத்தை நலிவித்த அதே புகையிலை, பிற்காலத்தில் மகனின் பெயரை உலகறியச் செய்தது.

இரசாயனமும் தாவரவியலும் கற்ற அவர், தாவரங்களில் உண்டாகும் கழலைகள் பற்றி ஆராய்ந்து 1877 இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வாகனிங்கன் விவசாயக் கல்லூரியில் அவர் ஆசிரியராக இருந்தபோது, அந்நகரின் விவசாய ஆய்வு நிலையத்தை அடொல்ஃப் மேயர் நடத்தி வந்தார். புகையிலை இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகத் தோன்றி விளைச்சலைக் கெடுத்த நோய்க்கு 'மொசைக்' எனப் பெயரிட்டவர் இவரே. நோயுற்ற இலையின் சாற்றை நலமான செடியில் செலுத்தினால் நோய் தொற்றுவதை மேயர் 1886 இல் வெளியிட்டார். ஆனால் நோய்க்குரிய பற்றீரியாவை அவராலோ பெயரிங்காலோ காண முடியவில்லை.

1892 இல் ரஷ்ய அறிஞர் திமித்ரி இவனோவ்ஸ்கி, பற்றீரியா புகமுடியாத பீங்கான் வடிகட்டியில் இச்சாற்றை வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. இது பெரிய கண்டுபிடிப்பே. எனினும் காரணம் பற்றீரியாவே என்ற எண்ணத்தை அவர் கைவிடவில்லை.

1895 இல் டெல்ஃப்ட் பல்தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியரான பெயரிங்க், விட்ட இடத்திலிருந்து ஆய்வைத் தொடர்ந்தார். இவனோவ்ஸ்கியின் பரிசோதனையை அறியாமலேயே அவரும் சாற்றை வடிகட்டி அதே முடிவைக் கண்டார். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. வடித்த சாற்றின் சிறுதுளி ஒரு செடியை நோயுறச் செய்தது. அச்செடியின் சாறு மேலும் பல செடிகளை நோயுறச் செய்தது. வெறும் நஞ்சாயின் இவ்வாறு பரவப் பரவ வலுவிழந்திருக்க வேண்டும். ஆகவே அது செடியினுள் பெருகுகின்றது என்பது தெளிவாயிற்று. அதேவேளை செடிக்கு வெளியே, சாற்றில் மட்டும் அது பெருகவில்லை. உயிருள்ள, பிரிந்து வளரும் கலங்களிலேயே பெருகியது. ஏகார் கூழின் மேல் சாற்றை வைத்தபோது, நோய்க்காரணி கூழினுள்ளும் ஊடுருவிச் சென்றது. பற்றீரியாவாயின் மேற்பரப்பிலேயே தங்கியிருக்கும்.

இவற்றை ஆதாரமாகக் கொண்டு 1898 இல், இது உயிருள்ள, தொற்றும் திரவம் என்று அவர் அறிவித்தார். அதனை வைரசு என்றும் குறிப்பிட்டார். நஞ்சு என்னும் பொருளுடைய பழைய இலத்தீன் சொல் இவ்வாறு புதுப்பொருள் பெற்றது. நுண்ணங்கி ஒவ்வொன்றும் கலம் உடையதே என்று நம்பிய அக்கால அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. இவனோவ்ஸ்கியும் மறுத்தார். ஆயினும் வடிகட்டிப் பரிசோதனையில் இவனோவ்ஸ்கியே முந்தியவர் என்பதை அறிந்தவுடன் பெயரிங்க் அதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அவரது கருத்தில் ஒரு பிழை இருந்தது. வைரசு திரவமன்று, துகள். 1935 இல் அமெரிக்க அறிஞர் வெண்டல் ஸ்டான்லி புகையிலை மொசைக் வைரசைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார்; இப்பணியும் சேர்ந்தே அவருக்கு 1946 இன் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. 1939 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி அதனைக் கோல் வடிவில் காட்டியது. அதன் நீளம் ஏறத்தாழ 300 நனோமீற்றர். விட்டம் 18 நனோமீற்றர். எனினும் உயிர்க்கலத்தின் துணையின்றி வைரசு பெருகாது என்ற பெயரிங்கின் அடிப்படை முடிவு இன்றும் அசையாது நிற்கின்றது.

அவரது பணி இதனுடன் அடங்கிவிடவில்லை. அவரையினத் தாவரங்களின் வேர்ச்சிறுகணுக்களில் வாழ்ந்து நைதரசனைப் பதிக்கும் பற்றீரியாவை 1888 இல் பிரித்தெடுத்தவரும் அவரே. பயிரை அழிக்கும் நுண்பொருளையும் பயிரை வளர்க்கும் நுண்ணங்கியையும் ஒருங்கே இனங்காட்டிய பெருமை அவருக்குரியது.

திருமணம் செய்யாது ஆய்வே வாழ்வெனக் கொண்ட அவர், மாணவரிடம் மிகக் கடுமையாக நடந்தவர் என்றும் அறியப்பட்டார். 1921 இல் ஓய்வுபெற்று, கோர்சல் கிராமத்தில் வாழ்ந்து, 1931 ஜனவரி முதலாம் திகதி காலமானார். வைரசின் உருவை உலகம் கண்டபோது அவர் உயிருடன் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பரிசோதனையின் வலிமையால் மட்டும் உணர்ந்து, எதிர்ப்பின் நடுவிலும் உரைத்த அவரது துணிவுக்கு, இன்று வைரசு நோய்களை ஆராயும் ஒவ்வோர் ஆய்வுகூடமும் கடன்பட்டுள்ளது.