குருநானக்குக்கு முகம் தந்த ஓவியர் சோபா சிங்

பஞ்சாபி நண்பர்களின் வீட்டுக்கோ கடைக்கோ போனவர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். வெண்தாடி, பாதி மூடிய கண்கள், ஆசி வழங்க உயர்ந்த வலது கை. சீக்கிய சமயத்தைத் தோற்றுவித்த குருநானக்கின் படம் அது. நாட்காட்டியிலும் கார் கண்ணாடியிலும் கல்லாப்பெட்டிக்கு மேலும் காணப்படும் அந்த முகத்தைத் தீட்டியவர் சோபா சிங்.

குருநானக் 1469இல் பிறந்து 1539இல் மறைந்தவர். அவரை நேரில் பார்த்து வரைந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க படம் எதுவும் நம்மிடம் இல்லை. அவர் நிறுவிய சமயமோ உருவ வழிபாட்டை ஏற்காதது. அப்படிப்பட்ட சமயத்தில், ஓர் ஓவியர் தீட்டிய முகம் இத்தனை வீடுகளில் எப்படி இடம்பிடித்தது? சோபா சிங்கின் வாழ்க்கையைப் பார்த்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

சோபா சிங் 1901 நவம்பர் 29ஆம் தேதி, பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீ ஹர்கோபிந்த்பூரில் பிறந்தார். தந்தை தேவா சிங் குதிரைப்படை வீரர். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார்.

அவர் குழந்தையாக இருந்தபோதே உருவ வழிபாடு பஞ்சாபில் பெரும் சர்ச்சையாகியிருந்தது. அமிர்தசரஸ் பொற்கோயிலின் சுற்றுப்பாதையில் அப்போது இந்துக் கடவுளர் சிலைகள் வைக்கப்பட்டிருந்தன. 1905ஆம் ஆண்டு கோயில் நிர்வாகி அரூர் சிங் அவற்றை அகற்ற உத்தரவிட்டார். எதிர்ப்பு எழுந்தபோதும் சிலைகள் மீண்டும் வைக்கப்படவில்லை. சீக்கியர் தங்கள் சமயத்தைத் தனிச் சமயமாக வலியுறுத்திய காலம் அது.

அதே அமிர்தசரஸில், பதினைந்து வயதில், சோபா சிங் தொழிற்பள்ளி ஒன்றில் சேர்ந்து ஓராண்டு கலையும் கைவினையும் கற்றார். பிறகு பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் வரைபடம் தீட்டும் பணியில் சேர்ந்து, இன்றைய ஈராக்கிலுள்ள பாக்தாத்தில் பணியாற்றினார். 1923இல் வேலையை விட்டுத் திரும்பியவர் அமிர்தசரஸில் ஓவியக்கூடம் திறந்தார். அதே ஆண்டில் இந்தர் கௌரை மணந்தார்.

அதன்பின் லாகூர், டில்லி என்று பிழைப்பு அவரை ஊர் ஊராக இழுத்துச் சென்றது. 1946இல் மறுபடியும் லாகூருக்குப் போய், திரைப்படம் ஒன்றுக்குக் கலை இயக்குநராகப் பணியாற்றினார். மறு ஆண்டே நாடு பிரிந்தது. லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் எல்லை தாண்டி வர வேண்டிய இலட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவரானார்.

காங்க்ரா பள்ளத்தாக்கில் பாலம்பூருக்கு அருகிலுள்ள அந்திரெட்டா என்ற மலைக் கிராமத்தில் பிறகு அவர் குடியேறினார். இன்று இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் அந்த ஊரிலேயே மீதி வாழ்நாளைக் கழித்தார். காதலனைக் காண ஆற்றைக் கடக்கும் சோனியின் கதையைச் சொல்லும் ‘சோனி மகிவால்’ ஓவியம் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. பகத் சிங், கர்த்தார் சிங் சராபா போன்ற தியாகிகளையும் அவர் வரைந்தார். ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியவை சீக்கிய குருமார்களின் படங்களே.

குருநானக்கின் படங்கள் அவருக்கு முன்பும் உண்டு. குருவின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லும் ஜனம்சாகி ஏடுகளில், 1733ஆம் ஆண்டின் ஏடு ஒன்று 57 ஓவியங்களைக் கொண்டது. அவை கதையை விளக்கும் சிறிய ஓவியங்கள். சோபா சிங் தீட்டியதோ சுவரில் மாட்டத்தக்க, எதிரில் நிற்பவரை நோக்கும் முகம். 1969இல் குருநானக்கின் 500ஆம் பிறந்த ஆண்டு கொண்டாடப்பட்டபோது அவர் தீட்டிய படம் அச்சேறி உலகெங்கும் பரவியது.

சீக்கிய சமயத்தில் சர்ச்சையும் இங்குதான் தொடங்குகிறது. பத்தாவது குருவான கோபிந்த் சிங் 1708இல் நாந்தேடில் மறைவதற்கு முன், இனி மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று அறிவித்தார். அதனால் குருத்வாராவில் விதானத்தின் கீழ், பட்டுத் துணி போர்த்தி, சாமரம் வீசிப் போற்றப்படுவது குரு கிரந்த் சாகிப் என்ற நூல்தான். பக்தர்கள் தலைவணங்குவதும் அதற்கே. 1945இல் ஏற்கப்பட்ட சீக்கிய நடத்தை விதித் தொகுப்பும் குருத்வாராவில் சிலை வைப்பதையும் குருமார் படங்களை வணங்குவதையும் தடை செய்கிறது.

நம் வீட்டுப் பூசையறையில் படத்துக்குப் பூச்சூட்டி விளக்கேற்றுகிறோம். சீக்கியரிடையே அதுபோலப் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றுவோரும் இருக்கிறார்கள். படம் இருந்தால் வழிபாடு தானாக வந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். ஓர் ஓவியரின் கற்பனையைக் குருவின் உண்மை உருவம் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள் என்பது அவர்களின் இன்னொரு கவலை. குருமார்களைத் திரையில் காட்டுவதற்கும் எதிர்ப்பு உண்டு. 2018இல் ‘நானக் ஷா ஃபகீர்’ திரைப்படம் பெரும் சர்ச்சையானது அதனால்தான்.

மற்றவர்களோ, தாத்தாவின் படத்தைச் சுவரில் மாட்டுவதுபோல இதுவும் நினைவுக்காகத்தான், வழிபாட்டுக்கு அல்ல என்கிறார்கள். பார்ப்பதற்குப் படம், பணிவதற்குக் கிரந்தம் என்று பிரித்துப் பார்ப்பதால்தான் அத்தனை வீடுகளிலும் படம் நிலைத்திருக்கிறது.

பஞ்சாப் அரசு 1974இல் சோபா சிங்கை மாநில ஓவியராக அறிவித்தது. 1983இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986 ஆகஸ்டு 22ஆம் தேதி சண்டிகரில் காலமானார். அந்திரெட்டாவில் அவர் ஓவியங்கள் இருக்கும் கூடத்தைப் பார்க்க இன்றும் மக்கள் வருகிறார்கள்.

அடுத்த முறை குருத்வாராவுக்குப் போனால், தலையை மூடி, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையுங்கள். வருபவர்கள் எதன் முன்னே நெற்றியைத் தரையில் வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். நமக்கு நன்கு பழக்கமான அந்த முகத்தின் முன்னே அல்ல, துணி போர்த்திய அந்த நூலின் முன்னேதான்.