ஊர் நடுவில் ஒரு டிரெய்லர் வீடு... மெக்சிகோ கிராமத்தில் குடியேறிய டவுன்சென்ட் - எல்விரா கதை!

கல்யாணமாகி 16 வருஷம். கணவருக்குக் காசநோய் வந்து தேறியிருக்கிறது. மனைவிக்கு இதய நோய். குழந்தைகள் இல்லை. இப்படி ஒரு ஜோடி உங்களிடம் வந்து, மொழி தெரியாத, ஆஸ்பத்திரி இல்லாத ஒரு வெளிநாட்டுக் கிராமத்துக்குக் குடிபோகப் போறோம்னு சொன்னா என்ன சொல்வீங்க? `முதல்ல உடம்பைப் பாருங்க'ன்னுதானே?

1935-ல் வில்லியம் கேமரூன் டவுன்சென்ட்டும் அவர் மனைவி எல்விராவும் அதைத்தான் செய்தார்கள். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான மொழிகளைப் பதிவு செய்த ஒரு பெரிய அமைப்பின் நிறுவனர் என்று டவுன்சென்ட்டைப் பலருக்கும் தெரியும். அந்தப் பயணத்தில் எல்விரா என்ன கொடுத்தார் என்பதுதான் அதிகம் பேசப்படாத பகுதி. வாங்க, இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

சோளத்தட்டை வீட்டில் தொடங்கிய குடித்தனம்

1896-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்தவர் டவுன்சென்ட். 1917-ல் கல்லூரிப் படிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டு, ஸ்பானிஷ் மொழி பைபிள்களை விற்பதற்காக குவாத்தமாலாவுக்குப் போனார். ஊர் ஊராக நடந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அவர் சந்தித்த பழங்குடி மக்களில் பெரும்பாலானோருக்கு ஸ்பானிஷ் சரியாகத் தெரியாது. அவர்கள் வீட்டில் பேசியது காக்சிகெல் என்ற மொழி.

அங்கேதான் எல்விரா மால்ம்ஸ்ட்ரோமைச் சந்தித்தார். சிகாகோவிலிருந்து மிஷனரி வேலைக்காக வந்திருந்த பெண். 1919 ஜூலை 9-ம் தேதி, அதாவது டவுன்சென்ட்டின் பிறந்தநாளிலேயே, இருவருக்கும் குவாத்தமாலாவில் கல்யாணம். சோளத்தட்டையால் சுவர் வைத்த ஒரு சின்ன வீட்டில் குடித்தனம் தொடங்கியது. சிகாகோவில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

டவுன்சென்ட்டுக்கு மொழியே பெரிய சவால். காக்சிகெலில் ஒரே வினைச்சொல்லுக்கு ஆயிரக்கணக்கான வடிவங்கள் உண்டு. யார் செய்தார், யாருக்குச் செய்தார், எப்போது, எப்படி என்பதெல்லாம் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு வரும். நமக்கு இது புதுசில்ல. `வந்துகொண்டிருந்தவனைப்போல' என்று ஒரே மூச்சில் சொல்லும் ஆட்கள்தானே நாம! ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கோ தலை சுற்றியது. லத்தீன் இலக்கண அச்சுக்குள் அந்த மொழியைத் திணிக்கப் பார்த்தார், நடக்கவில்லை. மொழியை அதன் போக்கிலேயே புரிந்துகொள்ளத் தொடங்கிய பிறகுதான் வழி திறந்தது. 1931-ல் காக்சிகெல் மொழியில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. பல வருட உழைப்பு அது.

அதே காலகட்டத்தில் இருவரின் உடலும் தளர்ந்துபோனது. டவுன்சென்ட்டைக் காசநோய் பிடித்தது. எல்விராவின் இதயமும் பலவீனமானது. இருவரும் அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள்.

கதவு மூடியிருந்த நாடு

இத்தோடு கதை முடிஞ்சதுன்னு நினைச்சீங்களா? இல்லை. டவுன்சென்ட்டின் பார்வை அடுத்து விழுந்தது மெக்சிகோ மீது.

அன்றைய மெக்சிகோவின் நிலவரத்தைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். புரட்சிக்குப் பிறகு 1917-ல் வந்த அரசியலமைப்பு, மத நிறுவனங்களுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. வெளிநாட்டு மதகுருக்கள் அங்கே பணியாற்ற முடியாது. 1926 முதல் 1929 வரை அரசுக்கும் கத்தோலிக்கக் கிளர்ச்சியாளர்களுக்கும் நடுவே பெரிய உள்நாட்டுச் சண்டையே நடந்து ஓய்ந்திருந்தது. அந்த நேரத்தில் ஓர் அமெரிக்க மிஷனரி எல்லையில் வந்து நின்றால் என்ன ஆகும்?

1933-ன் இறுதியில் டவுன்சென்ட் எல்லையில் நிறுத்தப்பட்டார். கைகொடுத்தது ஒரு கடிதம். மெக்சிகோவின் முக்கியமான கல்வியாளரான மொய்சேஸ் சாயென்ஸ், 1931-ல் குவாத்தமாலாவில் டவுன்சென்ட்டைச் சந்தித்திருந்தார். அவருடைய வேலையைப் பார்த்துவிட்டு, மெக்சிகோவுக்கும் வரும்படி எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகே, பிரசாரம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு உள்ளே விட்டார்கள்.

உள்ளே போனவர் முதலில் செய்தது, அரசின் கிராமப்புறப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து, அவற்றைப் பற்றி நல்லபடியாகக் கட்டுரைகள் எழுதியது. 1934 கோடையில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில், ஒரு பழைய பண்ணை வீட்டில், மொழி கற்கும் பயிற்சி முகாமையும் தொடங்கினார். உட்கார நாற்காலிகூட கிடையாது, ஆணி வரும் சின்னப் பீப்பாய்கள்தான். முதல் வருட மாணவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர்!

டெட்டெல்சிங்கோ: தக்காளிக்குப் பேர் கொடுத்த மொழி

1935-ல் டவுன்சென்ட் தம்பதி, மெக்சிகோ சிட்டிக்குத் தெற்கே மோரெலோஸ் மாநிலத்தில் இருக்கும் டெட்டெல்சிங்கோ என்ற கிராமத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பக்கத்து நகரம் குவாவ்ட்லா. நிலம் உழுபவனுக்கே என்று போராடிய புரட்சித் தலைவர் எமிலியானோ சபாட்டா பிறந்த வட்டாரம் இது.

கிராமத்து மக்கள் பேசியது நாவாட்ல் மொழியின் ஒரு வகை. இந்த மொழி உங்களுக்கும் கொஞ்சம் தெரியும். நம்பலையா? டொமேட்டோ, சில்லி, அவகாடோ... இந்த மூணு சொல்லுமே நாவாட்ல் மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்துக்கும், அங்கிருந்து நம்ம ஹோட்டல் மெனு கார்டுக்கும் வந்தவை.

ஊர் நடுவில் இருந்த திறந்த சதுக்கத்தில் டவுன்சென்ட்டின் டிரெய்லர் நின்றது. காரின் பின்னால் இழுத்து வரும் பெட்டி வீடு, அதுதான் அவர்களின் இருப்பிடம். டவுன்சென்ட்டின் சகோதரி மகள் ஈவ்லினும் துணைக்கு வந்திருந்தார். ஊர் நடுவில் வீடு என்றால் என்ன அர்த்தம்? காலையில் கதவைத் திறந்தால் ஊரே எதிரில். நீங்க என்ன சமைக்கிறீங்க, எப்போ தூங்குறீங்க, யாரோட பேசுறீங்க என்று எல்லாமே எல்லோருக்கும் தெரியும். உடம்பு முடியாமல் படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்குத் தனிமை என்பதே கிடையாது.

மொழியிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. டெட்டெல்சிங்கோ நாவாட்லில் மரியாதை வடிவங்கள் உண்டு. பெரியவர்களிடமும் மரியாதைக்குரியவர்களிடமும் பேசும்போது வினைச்சொல்லே மாறும். நம்ம `வா', `வாங்க' மாதிரி. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். அதில் வளர்ந்தவர்களுக்கு, யாரிடம் எந்த வடிவம் என்று பிடிபடுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். தப்பாகப் பேசினால் இலக்கணப் பிழை என்று யாரும் நினைக்க மாட்டார்கள், திமிர் பிடித்தவர் என்றுதான் நினைப்பார்கள். ஊர்த் தலைவர் மார்ட்டின் மெண்டெஸ் மொழி கற்றுக்கொடுக்க, டவுன்சென்ட் அவரிடம் மாணவராக உட்கார்ந்தார்.

மேடை போட்டுப் பிரசங்கம் செய்ய அனுமதி இல்லை. அதனால் கையால் செய்யும் வேலைகளில் இறங்கினார்கள். சதுக்கத்திலேயே காய்கறித் தோட்டம் போட்டார்கள். ஊர் மொழியில் எழுத்துப் பழக ஒரு சின்னப் புத்தகம் தயாரானது.

ஜனாதிபதி வந்தார்!

1936 ஜனவரியில் ஒரு நாள், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அந்தக் கிராமத்துக்கு ஒரு கார் வந்தது. இறங்கியவர் மெக்சிகோவின் ஜனாதிபதி லாசரோ கார்டெனாஸ். பெரிய நில உடைமைகளைப் பிரித்து விவசாயிகளுக்குக் கொடுத்தவர். கிராமங்களுக்கு நேரில் போய் மக்களிடம் குறை கேட்பதையே வழக்கமாக வைத்திருந்தவர்.

தோட்டத்தைப் பார்த்தார், மொழி வேலையைப் பற்றிக் கேட்டார். இதுபோல உதவி செய்யும் இளைஞர்களை இன்னும் அழைத்து வரும்படி டவுன்சென்ட்டிடம் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு பழமரக் கன்றுகள், பள்ளிக்கூடம் என்று அந்தக் கிராமத்துக்கு அரசு உதவிகள் வந்தன. இருவரின் நட்பு கார்டெனாஸ் 1970-ல் இறக்கும்வரை நீடித்தது. 1938 மார்ச்சில் கார்டெனாஸ் வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியபோது அமெரிக்காவில் எதிர்ப்பு வெடித்தது. அப்போது மெக்சிகோவின் பக்க நியாயத்தை அமெரிக்காவில் போய்ப் பேசினார் டவுன்சென்ட். பின்னாளில் கார்டெனாஸின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

எல்விரா எழுதிய புத்தகம்

இப்போ எல்விராவிடம் வருவோம். 1941-ல் அவர் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். தலைப்பு, `லத்தீன் அமெரிக்கன் கர்ட்டஸி'. லத்தீன் அமெரிக்க மக்களின் பண்பாட்டு மரியாதைகளைப் பற்றி, புதிதாக வரும் அமெரிக்கர்களுக்காக எழுதப்பட்டது.

மரியாதைக்கு எதுக்கு ஒரு புத்தகம்னு தோணுதா? மெக்சிகோவில் ஒரு வீட்டுக்குப் போனதும் நேராக விஷயத்துக்கு வருவது நாகரிகமில்லை. முதலில் வணக்கம், பிறகு குடும்ப நலம், அப்புறம்தான் வேலைப் பேச்சு. யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நல்லபடியாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கடக்க வேண்டும். எழுந்து போகும்போது அனுமதி கேட்க வேண்டும். தன் வீட்டைக் காட்டி, இது உங்கள் வீடு என்று சொல்வார்கள். `வாங்க, சாப்டீங்களா' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். `ஹலோ' சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிக்கும் அமெரிக்க இளைஞர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது.

குவாத்தமாலாவில் தொடங்கி 20 வருடங்களுக்கும் மேலாக அடுத்தவர் ஊரில் வாழ்ந்த பெண் எழுதிய புத்தகம் அது. எத்தனை வீட்டு வாசலில் தயங்கி நின்று கற்றுக்கொண்ட பாடங்களாக இருக்கும்!

அவர் உடம்பு மட்டும் தேறவே இல்லை. கணவருக்கோ ஓய்வே கிடையாது. இன்று அமைச்சர் அலுவலகம், நாளை பயிற்சி முகாம், மறுநாள் அடுத்த கிராமம். 1944 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கலிபோர்னியாவில் எல்விரா இறந்தார். 25 வருடத் திருமண வாழ்க்கை, அதில் பெரும்பகுதி இரவல் வீடுகளிலும், டிரெய்லரிலும், நோய்ப் படுக்கையிலும் கழிந்திருந்தது.

1946 ஏப்ரலில் டவுன்சென்ட், எலைன் மீல்கே என்ற ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். கல்யாணம் நடந்தது பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில் இருந்த கார்டெனாஸின் வீட்டில். மாப்பிள்ளைத் தோழன் கார்டெனாஸேதான்! அதே ஆண்டு தம்பதி பெரு நாட்டுக்குப் புறப்பட்டார்கள். நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். 1982 ஏப்ரல் 23-ம் தேதி, 85 வயதில் டவுன்சென்ட் இறந்தார்.

பாராட்டும் உண்டு, கேள்வியும் உண்டு

அவர் தொடங்கிய அமைப்பைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி பேசுவதில்லை. ஒருபக்கம், எழுத்தே இல்லாமலிருந்த பல மொழிகளுக்கு எழுத்து, இலக்கணம், அகராதி கிடைத்தன. இன்று உலக மொழிகளுக்கெல்லாம் மூன்றெழுத்துக் குறியீடு கொடுக்கும் சர்வதேசப் பட்டியலைப் பராமரிப்பதும் அந்த அமைப்புதான். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, டெட்டெல்சிங்கோவின் நாவாட்லும் தனியாக இருக்கிறது.

இன்னொரு பக்கம், அரசிடம் மொழியியலாளர் முகம், தேவாலயங்களிடம் மிஷனரி முகம் என்று இரண்டு முகம் காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு பலமாக எழுந்தது. மதம் மாறியவர்கள், மாறாதவர்கள் என்று கிராமங்கள் பிளவுபடுகின்றன என்று மெக்சிகோவின் மானுடவியலாளர்கள் கண்டித்தார்கள். 1979-ல் மெக்சிகோ அரசு அந்த அமைப்போடு செய்திருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. டவுன்சென்ட் உயிரோடு இருக்கும்போதே, கார்டெனாஸ் திறந்துவிட்ட கதவு பாதி சாத்தப்பட்டது. விருந்தாளியாகப் போனவர் எதற்காக வந்தார் என்பதை வீட்டுக்காரர் கேட்கத்தானே செய்வார்?

உங்களுக்கு இதில் என்ன இருக்கு?

வேலைக்காகவோ, படிப்புக்காகவோ, கல்யாணமாகியோ நீங்களும் ஒருநாள் வேற ஊருக்கு மாறலாம். சாப்பாடு ஒத்துக்குமா, வெயில் தாங்குமா என்பதுதான் நம்ம முதல் கவலையா இருக்கும். அதெல்லாம் சில மாசத்தில் பழகிடும். அந்த ஊர் நம்மளை ஏத்துக்கிறதுதான் பெரிய விஷயம். அதுக்கு அவங்க மொழியில் `வாங்க' எதுன்னு தெரியணும், மாணவராக உட்காரத் தெரியணும், எதற்காக வந்திருக்கோம்னு ஒளிக்காமல் சொல்லவும் தெரியணும். முதல் இரண்டிலும் டவுன்சென்ட் கெட்டிக்காரர். மூன்றாவதில்தான் இன்றுவரை கேள்வி இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கு. ஜோடியாக இடம் மாறும்போது இரண்டு பேருக்கும் ஒரே அளவு பாரம் விழுவதில்லை. ஒருத்தருக்கு அது கனவாக இருக்கும், இன்னொருத்தர் அந்தக் கனவுக்காகக் கூட வந்தவராக இருப்பார். ராத்திரி சாப்பிடும்போது மொபைலைக் கீழே வெச்சுட்டு, இந்த ஊர் உனக்கு எப்படி இருக்குன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க!