எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டவர் தந்த புற்றுநோய் மருந்து: யார் இந்த சுப்பாராவ்?

ரத்தப் புற்றுநோய், எலும்புப் புற்றுநோய், மூட்டுவாதம், சொரியாசிஸ்... எல்லாத்துக்கும் ஒரே மருந்து, மெத்தோட்ரெக்சேட். இதற்கு வழிபோட்டவர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தி சொன்னார்னு கதர் அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கல. எம்.பி.பி.எஸ். போய், அதைவிடக் குறைவான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

1920-களில் அமெரிக்கா போனார். ஹார்வர்டிலும் நிரந்தரப் பதவி கிடைக்கல. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவரது குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் உருவாக்கியது. செல்கள் பெருக இந்தச் சத்து வேணும். அப்போ இதைத் தடுத்தால்? அப்படிப் பிறந்ததுதான் அமினோப்டெரின். பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. 1948 ஜூனில் முடிவு வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். வயது 53.

அதே குடும்பத்து மருந்துதான் மெத்தோட்ரெக்சேட். எலும்புப் புற்றுநோய்க்கு அதிக டோஸ், மூட்டுவாதத்துக்குக் குறைந்த டோஸ். குறைந்த டோஸை விடாமல் கொடுத்தால், புற்றுநோய்க் கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் புதுக் குழாய்கள் வளராமல் தடுக்கலாமா என்றும் ஆராய்கிறார்கள். பழைய மருந்துக்கு விலை குறைவு, பக்கவிளைவும் தெரிந்ததுதான்.

மூட்டுவாதத்துக்கான இந்த மாத்திரை இன்று திண்டுக்கல் மருந்துக்கடையிலும் டாக்டர் சீட்டு காட்டினால் கிடைக்கும். அந்த அட்டையில் சுப்பாராவ் பெயர் இருக்காது.