என்றிக்கே என்றீக்கசு

என்றிக்கே என்றீக்கசு (1520 – 1600) போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்த இயேசு சபைத் துறவியும் தமிழ் நூலாசிரியரும் ஆவார். இவர் அண்டிரிக் அடிகளார் என்றும் அழைக்கப்படுகிறார். முத்துக்குளித்துறையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய இவர், தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களை உருவாக்கியமையால் தமிழ் அச்சுக்கலையின் தந்தை எனப் போற்றப்படுகிறார். இப்புகழின் நிழலில் இவருடைய மற்றொரு பணி மறைந்து கிடக்கிறது. இறைவனிடம் பாவ மன்னிப்பு வேண்டுவோர் தம் தாய்மொழியிலேயே குருவிடம் பேசுவதற்கு வழி செய்தவர்களுள் இவர் முதன்மையானவர். அதற்கென இவர் ஆக்கிய கொம்பெசியொனாயரு என்னும் நூல் 1580 ஆம் ஆண்டில் கொச்சியில் அச்சிடப்பட்டது.

இளமை

என்றீக்கசு போர்த்துக்கல்லின் விலா விசோசா என்னும் ஊரில் யூத மரபில் வந்த குடும்பத்தில் பிறந்தார். 1497 இல் அந்நாட்டு யூதர்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் புதிய கிறித்தவர் என்று பெயரிடப்பட்டு, பல தலைமுறைகளுக்குப் பின்னரும் ஐயத்துடனேயே பார்க்கப்பட்டனர். பிரான்சிசுக்கன் சபையில் சேர்ந்த என்றீக்கசு தமது பிறப்பின் காரணமாக அங்கிருந்து விலக நேர்ந்தது. பின்னர் கோயிம்பிராவில் கல்வி பயின்று, 1545 இல் இயேசு சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

இயேசு சபையும் 1593 இல் யூத மரபினரைச் சேர்ப்பதற்குத் தடை விதித்தது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. அப்பொழுது என்றீக்கசு எழுபது வயதைக் கடந்து புன்னைக்காயலில் வாழ்ந்துகொண்டிருந்தார். மன்னிப்பைப் பற்றித் தமிழில் முதலில் நூல் அச்சிட்டவர், தாம் செய்யாத ஒன்றிற்காகத் தம் திருச்சபையினராலேயே ஒதுக்கப்பட்ட மரபினர் ஆவார்.

முத்துக்குளித்துறையில்

1535 – 1537 ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்களுக்கு மறைக்கல்வி அளிப்பார் அப்பொழுது இல்லை. 1542 இல் வந்த பிரான்சிசு சவேரியார், மொழி அறிந்தோரின் உதவியுடன் முதன்மையான செபங்களைத் தமிழில் அமைத்து, அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். 1547 இல் இக்கரைக்கு வந்த என்றீக்கசு தமிழைக் கற்பதில் முழு மூச்சாக இறங்கினார். விரைவில் மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பேசவும் எழுதவும் திறன் பெற்றார். பின்வருவோர் கற்பதற்காகப் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழ் இலக்கணத்தையும் எழுதினார். கையெழுத்துப் படியாகவே இருந்த அந்நூல் லிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. 1982 இல் அது அச்சில் பதிப்பிக்கப்பட்டது.

1549 இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டபின் என்றீக்கசு இப்பகுதியின் தலைவரானார். 1576 வரை அப்பொறுப்பில் இருந்தார். புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்று இவர் முயற்சியால் ஏற்பட்டது. 1553 இல் அவ்வூர் தாக்கப்பட்டபொழுது இவரும் சிறைப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார்.

பாவ அறிக்கையும் மொழியும்

கத்தோலிக்க நெறியில் பாவ மன்னிப்பு மூன்று செயல்களை உடையது. பாவத்துக்காக மனம் வருந்துதல், அதனைக் குருவிடம் அறிக்கையிடுதல், அவர் விதிக்கும் பரிகாரத்தை நிறைவேற்றுதல் என்பன அவை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் இவ்வாறு அறிக்கையிட வேண்டும் என 1215 இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. திரெந்துப் பொதுச்சங்கம் 1551 இல் இதனை மீண்டும் வலியுறுத்தியது. கனமான பாவங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே கூறவேண்டும் என்றும் அது விளக்கியது.

செபத்தைப் பொருள் தெரியாமலும் ஒப்பிக்கலாம். பாவ அறிக்கையை அவ்வாறு செய்ய இயலாது. தமிழ் அறியாத குருவிடம் செல்பவர், தம் குற்றத்தை இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரிடம் கூற வேண்டியிருந்தது. அவரோ பெரும்பாலும் அக்கரையிலேயே வாழ்பவர். இரகசியம் காக்க அவரும் கடமைப்பட்டவரே எனினும், அயலவர் ஒருவர் முன் தம் வீட்டுக் குற்றத்தைக் கூற எவருக்கும் நாக்கு எழாது. சிறிய குற்றத்தைக் கூறிப் பெரியதை விழுங்கிவிடுதல் எளிது. அவ்வாறு வேண்டுமென்றே மறைத்த அறிக்கை செல்லாது என்பது திருச்சபையின் போதனையாகும். ஆகவே குருவின் மொழியறிவு வெறும் வசதிப் பொருளாக இருக்கவில்லை. ஒருவர் மன்னிப்புப் பெறுவதும் பெறாமல் திரும்புவதும் அதனைப் பொறுத்திருந்தது. என்றீக்கசு தாம் கற்றதோடு நில்லாமல், பிற குருக்களும் தமிழ் கற்கவேண்டும் என வற்புறுத்தியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அச்சு நூல்கள்

தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறு பக்கங்களே கொண்ட இச்சிறு நூலின் ஆக்கத்தில் மனுவேல் தெ சான் பேதுரு என்னும் குருவும் பங்கு கொண்டார். பரதவ மக்களின் பொருளுதவி அச்சுப் பணிக்குத் துணையாக இருந்தது. தமிழ் எழுத்துருக்களை 1577 இல் கோவாவில் யோவான் கொன்சால்வசும், அடுத்த ஆண்டு கொல்லத்தில் யோவான் தெ பாரியாவும் வார்த்தனர். 1579 இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் அச்சானது. அது வினா விடை வடிவில் அமைந்த மறைக்கல்வி நூல்.

இவ்விரு நூல்களும் நம்பவேண்டியவற்றையும் செபிக்கவேண்டியவற்றையும் கற்பித்தன. மூன்றாவதாகிய கொம்பெசியொனாயரு நூலின் நோக்கம் வேறு. ஒருவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளவும், குருவிடம் எவ்வாறு எதனைக் கூறுவது என அறியவும் அது துணை செய்தது. பத்துக் கட்டளைகளின் அடியில் வினாக்களை அமைக்கும் ஐரோப்பிய நூல் மரபை இது பின்பற்றுகிறது. அறிக்கையிடுவோருக்கும் கேட்கும் குருவுக்கும் அது ஒருங்கே பயன்படுவதாகும். இதன் படி ஒன்று ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் உள்ளது.

புனிதர்களின் வரலாற்றைக் கூறும் புளோசு சாங்த்தோரும் 1586 இல் வெளிவந்தது. அறுநூறுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட இப்பெருநூல், அடியார் வரலாறு என்ற பெயரில் 1967 இல் மறுபதிப்புப் பெற்றது.

மொழிநடை

இந்நூல்களின் தமிழ் இன்றைய வாசகருக்கு எளிதில் விளங்காது. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை; எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படவில்லை. நூலின் பெயரே காட்டுவதுபோல, சமயச் சொற்கள் பல போர்த்துக்கேய ஒலியிலேயே எழுதப்பட்டன. பொருள் திரிந்துவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணமாகலாம். 1606 இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி வடமொழி சார்ந்த சொற்களைப் புகுத்தினார். பாவசங்கீர்த்தனம் என்ற சொல் தமிழ்க் கத்தோலிக்கரிடையே நெடுங்காலம் வழங்கியது. ஒப்புரவு அருட்சாதனம் என்பது இருபதாம் நூற்றாண்டின் வழக்காகும். முத்துக்குளித்துறைக்கு மேற்கே காமநாயக்கன்பட்டி முதலிய உள்நாட்டு ஊர்கள் மதுரை மறைப்பணித் தளத்தைச் சார்ந்தவை. ஆதலால் அங்கே இப்பிற்காலச் சொற்களே வேரூன்றின.

இறுதிக் காலம்

என்றீக்கசு ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. 1600 ஆம் ஆண்டில் புன்னைக்காயலில் காலமானார். இவருடைய உடல் தூத்துக்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, பனிமய மாதா ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.