50 வயதில் எழுத உட்கார்ந்த மாட்டு டாக்டர்!

நள்ளிரவு 2 மணி. வெளியே பனி கொட்டுகிறது. போன் அடிக்கிறது. மலைமேல் இருக்கிற ஒரு பண்ணையில் மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறதாம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொள்வோம், இல்லையா? இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு மனிதர் ஏறக்குறைய 50 வருஷம் அந்த போனை எடுத்தார். பைஜாமா மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

உலகத்துக்கு அவர் பெயர் ஜேம்ஸ் ஹெரியட். ஆனால் அது அவருடைய பெயரே இல்லை. நிஜப்பெயர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வைட். வீட்டிலும் ஊரிலும் ஆல்ஃப்.

1916 அக்டோபர் 3-ம் தேதி சண்டர்லேண்டில் பிறந்தார். பிறந்த சில வாரங்களிலேயே குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா கப்பல் கட்டும் தளத் தொழிலாளி. பேசாப்பட காலத்தில் தியேட்டரில் பியானோ வாசிப்பார். அம்மா பாடகி, பிற்பாடு தையல் வேலை. கையில் பெரிய காசு கிடையாது. இருந்தும் ஒரே பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கதை நம்ம ஊர் அம்மாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவருக்குள் விதை விழுந்த இடம் கொஞ்சம் வேடிக்கை. சிறுவர்கள் படிக்கும் 'மெக்கானோ மேகஸின்' என்ற பத்திரிகையில் கால்நடை மருத்துவம் பற்றி ஒரு கட்டுரை. வீட்டில் டான் என்று ஒரு ஐரிஷ் செட்டர் நாய் வேறு. நாய்களோடே காலம் தள்ள ஒரு வேலை இருக்கிறதா என்று பையனுக்கு ஒரே குஷி. நாய் டாக்டர் ஆகணும்னு ஆசைப்பட்டவர் கடைசியில் மாட்டு டாக்டர் ஆனார் என்பதுதான் விதி.

1939 டிசம்பரில் கிளாஸ்கோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம். மறு வருஷம் ஜூலையில் யார்க்‌ஷயரின் திர்ஸ்க் என்ற சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தார். 23, கிர்க்கேட். டொனால்டு சின்க்ளேர் என்பவர் நடத்திய கிளினிக் அது. டொனால்டு ஒரு தினுசான ஆள். காலையில் ஒன்று சொல்வார், மாலையில் அதற்கு நேர் எதிராகச் சொல்வார், இரண்டையும் சத்தியமாக நம்புவார். அவர் தம்பி பிரையன் இன்னொரு ரகம், குறும்புக்காரர். பிற்பாடு புத்தகங்களில் சீக்ஃப்ரிட், டிரிஸ்டன் என்று வந்தவர்கள் இந்த இருவரும்தான்.

இப்போது அந்த மலைமேல் பண்ணைக்கு வருவோம். 1940-ல் கால்நடை மருத்துவம் என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள்? மாட்டுக் கொட்டகையின் கல் தரையில், இடுப்புக்கு மேல் துணியில்லாமல் படுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாளி வெந்நீர், ஒரு சோப்பு. தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவணும். கன்றின் தலை பின்பக்கம் திரும்பியிருந்தால் அதைக் கண்டுபிடித்து, மெல்லிய கயிற்றை மாட்டி, முன்னால் கொண்டுவரணும். மாடு முக்கும்போதெல்லாம் கை நசுங்கும், விரல்கள் மரத்துப்போகும். மணிக்கணக்கில் போராடி கன்று வெளியே வந்து, தாய் அதை நக்க ஆரம்பிக்கிற அந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனையும். ஊர்ப்பக்கம் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த நிமிஷம் தெரியும்.

மருந்து? அலமாரி நிறைய பாட்டில் இருந்தது, பாதிக்கு மேல் பிரயோஜனம் இல்லை. பென்சிலின் போருக்குப் பிறகுதான் மாடுகளுக்கு வந்தது. ஆனால் ஒரு வித்தை மட்டும் விவசாயிகளை வாய் பிளக்க வைத்தது. கன்று போட்ட மாடு திடீரென்று எழ முடியாமல் சுருண்டுவிடும். பால் ஜுரம் என்பார்கள், ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வருவது. கால்சியம் ஊசி ஏற்றினால், செத்துவிட்டது என்று நினைத்த மாடு கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று தீவனம் கேட்கும்.

1941 நவம்பர் 5-ல் ஜோனைக் கல்யாணம் செய்துகொண்டார். அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை, பெற்றோர் கல்யாணத்துக்கு வரவேயில்லை. தேன்நிலவு எப்படிப் போனது தெரியுமா? மலைப்பகுதிப் பண்ணைகளில் மாடுகளுக்குக் காசநோய்ப் பரிசோதனை. புருஷன் மாட்டுக் கழுத்தில் ஊசி போட, புதுப்பெண் நோட்டில் எண்களை எழுதிக்கொண்டார். இந்தக் காலத்தில் இப்படிச் செய்தால் மறுநாளே வக்கீல் நோட்டீஸ் வரும்!

நடுவில் விமானப்படை. பைலட் பயிற்சியில் இருந்தவர் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பறக்கத் தகுதியில்லை என்று 1943-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மறுபடியும் திர்ஸ்க், மறுபடியும் மாடு. மகன் ஜிம், மகள் ரோஸி. இருவரையும் ரவுண்ட்ஸுக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போவார், கேட் திறந்துவிடுவது அவர்கள் வேலை. ஜிம் பின்னாளில் அப்பா மாதிரியே கால்நடை மருத்துவர், ரோஸி மனிதர்களுக்கு டாக்டர்.

இனி சொல்லப்போவதை அவர் புத்தகங்களைப் படித்துச் சிரித்தவர்கள் பலர் எதிர்பார்க்க மாட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஆல்ஃபுக்குக் கடும் மனச்சோர்வு. எதைப் பார்த்தாலும் இருட்டு. மின் அதிர்ச்சி சிகிச்சை வரை போக வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஆண் இதையெல்லாம் வெளியே சொல்வாரா? சொல்லவில்லை. அவர் இறந்தபின் மகன் ஜிம் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்துத்தான் வாசகர்கள் பலர் இதைத் தெரிந்துகொண்டார்கள். உலகத்தையே சிரிக்க வைத்த பக்கங்கள் இந்த இருட்டைக் கடந்து வந்தபிறகுதான் எழுதப்பட்டன. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்துப் பாருங்கள், சிரிப்பு குறையாது. ஆனால் வேறு மாதிரி இருக்கும்.

எழுத்துக்கு வருவோம். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்வார், ஒருநாள் இதையெல்லாம் புத்தகமாக எழுதப்போகிறேன் என்பார். 25 வருஷம் இதையே கேட்ட ஜோன், 50 வயதில் யாரும் புதிதாக எழுத ஆரம்பிப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார். ரோஷம் வந்தது. டைப்ரைட்டர் வந்தது. வீட்டார் டிவி பார்க்கும் அறையிலேயே ஓரமாக உட்கார்ந்து தட்டினார். முதலில் எழுதியவை எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. விடவில்லை.

புனைபெயருக்கும் காரணம் உண்டு. மருத்துவர் சொந்தப் பெயரில் எழுதினால் விளம்பரம் தேடுவதாகிவிடும், தொழில் விதி அதை அனுமதிக்காது. டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பர்மிங்ஹாம் சிட்டி கோல்கீப்பர் ஜிம் ஹெரியட் அசத்தலாக ஆடினார். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். இன்றைக்கு அந்த கோல்கீப்பரை யாருக்குத் தெரியும்?

1970-ல் முதல் புத்தகம். இங்கிலாந்தில் சுமாராகத்தான் போனது. 1972-ல் முதல் இரண்டு புத்தகங்களையும் ஒன்றாகச் சேர்த்து 'ஆல் க்ரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்' என்று அமெரிக்காவில் வெளியிட்டதும் பிய்த்துக்கொண்டு போயிற்று. 1978-ல் பிபிசி தொடர். அடுத்து திர்ஸ்க்குக்கு பஸ் பஸ்ஸாக ரசிகர்கள்.

அந்தக் கதைகளில் வரும் பணக்கார அம்மாளின் பெகினீஸ் நாய் டிரிக்கி வூ பலருக்கு மறக்காது. கேக்கும் சாக்லேட்டும் தின்று ஊதிப்போன அந்த நாய்க்கு ஆல்ஃப் கொடுத்த வைத்தியம் ரொம்ப எளிது. மருந்தே கிடையாது. மற்ற நாய்களோடு ஓடவிட்டு, சாப்பாட்டைக் குறைத்தார், அவ்வளவுதான். நோயாளி தெம்பாகட்டும் என்று அந்த அம்மாள் அனுப்பிய முட்டையும் ஒயினும் டாக்டர்கள் வயிற்றுக்குள் போயின! அந்த நாய்க்கும் அம்மாளுக்கும் நிஜ ஆட்கள் உண்டு.

எல்லாருக்கும் இது இனித்ததா என்றால், இல்லை. தன்னைக் கிறுக்கனாக எழுதிவிட்டார் என்று டொனால்டுக்கு வருத்தம். நட்பு உடையும் நிலைக்குப் போய், உடையாமல் நின்றது. பணம் வந்தபோது அதன் பெரும்பகுதி வரியாகப் போனது. மேல்தட்டு வருமானத்துக்கு அப்போது 83 சதவிகிதம்! வேறு நாட்டுக்குக் குடிபோனால் மிச்சப்படுத்தலாம் என்றார்கள். போகவில்லை. நாய்களோடு நடக்கும் அந்தக் குன்றுகளை விட்டுவிட்டு எங்கே போவது? உள்ளூர் விவசாயிகளுக்கோ அவர் உலகப் புகழ் ஒரு விஷயமே இல்லை. நேரத்துக்கு வந்தாரா, மாடு பிழைத்ததா, பில் எவ்வளவு? அது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

1995 பிப்ரவரி 23-ம் தேதி, 78 வயதில், திர்ஸ்க் அருகே தன் வீட்டில் புற்றுநோயால் இறந்தார். சண்டை போட்டு, சிரித்து, 50 வருஷத்துக்கு மேல் கூடவே இருந்த டொனால்டு அதே ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தார். 23, கிர்க்கேட் வீடு இப்போது அருங்காட்சியகம். அவருடைய அஸ்தியைத் தூவியது மட்டும் ஊருக்குள் இல்லை. நாய்களோடு நடந்து போய் நின்று, கீழே விரிந்து கிடக்கும் வயல்களைப் பார்ப்பாரே, அந்த சட்டன் பேங்க் மலைச்சரிவில்.