குழாய்நீர் தந்த திவான்

சேஷாத்திரிபுரம் வழியாக நாம் நாள்தோறும் போகிறோம், வருகிறோம். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? நம்மைப் போலவே தமிழ் வீட்டிலிருந்து வேலை தேடி இந்த நாட்டுக்கு வந்தவர்தாம் சர் கே. சேஷாத்திரி ஐயர். 1845இல் பாலக்காட்டுப் பக்கம் பிறந்து, கோழிக்கோட்டிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1868இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். ரங்காச்சார்லு மறைந்ததும் 1883இல் திவானானார்.

கோலார்த் தங்கத்தையும் இருப்புப் பாதையையும் பற்றிப் பிறர் எழுதட்டும். நுண்ணுயிரியல் பயிலும் எனக்கு அவர் தந்த தண்ணீரே பெரிது. அந்நாளில் பெங்களூர் குடித்தது தருமாம்புதி, சம்பங்கி, அலசூர் முதலிய ஏரிகளின் நீரையும் கிணற்று நீரையும். துணி துவைத்ததும் மாடு கழுவியதும் அதே ஏரிகளில்தான். மழை பெய்தால் தெரு அழுக்கெல்லாம் அங்கே சேரும். கோடையில் ஏரியே வற்றும். அவர் திவானான மறு ஆண்டில்தான் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். 1892இல், ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்த ஹாம்பர்க் நகரில் எண்ணாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். மணலில் வடிகட்டிக் குடித்த பக்கத்து ஊரான அல்டோனா பெரும்பாலும் தப்பியது.

சேஷாத்திரி ஐயர் 1894இல் அருக்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியைத் தேர்ந்தார். நீராவிப் பொறிகள் இறைத்த நீர் 1896இல் குழாய் வழியே நகருக்கு வந்தது. அத்திட்டத்திற்குச் சாமராஜேந்திர உடையாரின் பெயர் இட்டனர். அவ்வரசர் 1894 டிசம்பரில் கல்கத்தாவில் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தார். அதுவும் ஒரு கிருமியின் வேலையே.

குளோரின் அன்று வழக்கில் இல்லை. அமெரிக்காவின் ஜெர்சி நகரில் அதை இடைவிடாது கலக்கத் தொடங்கியதே 1908இல்தான். இன்று நமக்கு அது உண்டு. ஆனால் சுத்திகரித்த நீர் என்றால் கிருமியே இல்லாத நீர் என்று பொருளன்று. குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலம் கட்டி, அதனுள்ளே கிருமிகள் குளோரினுக்கு ஒளிந்து வாழும். தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊரில், குழாய் வெறுமையாகும் வேளையில் கசிவுகள் வழியே சாக்கடை உள்ளே புகும். நூறு மில்லி லிட்டரில் ஒரு குடற்கிருமியும் கூடாது, குழாயடியில் லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும் என்பது நம் நாட்டு அளவை. அந்தக் குளோரினும் மூடாத மாடித் தொட்டியில் நாள் செல்லச் செல்லத் தேய்ந்துவிடும். விடுதித் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்!

திவானுக்குப் பகைவர் குறைவல்லர். சென்னை மாகாணத்தாரைக் கொண்டுவந்து பதவிகளை நிரப்புகிறார் என்று மைசூரார் குமுறினர். குமுறாமல் என்ன செய்வர்? பிழைக்க வந்த ஊரில் நாற்காலியெல்லாம் நம்மவருக்கே என்றால் யார் பொறுப்பார்? இந்தக் குறையை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை.

1898இல் பிளேக் நோய் நகரில் புகுந்தது. நெருக்கடியான பேட்டைகளுக்கு வெளியே மல்லேசுவரமும் பசவனகுடியும் வளர்ந்தது அப்போதுதான். உடல் தளர்ந்த திவான் 1901இல் பதவி விலகி, அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் நாள் மறைந்தார். அவர் தொடங்கிய சிவசமுத்திர மின்சாரம் 1902இல் கோலாருக்குச் சென்றதை அவர் காணவில்லை. ஹெசரகட்டா நீரும் போதாமற்போய், 1933இல் திப்பகொண்டனஹள்ளியும் 1974இல் காவிரியும் வந்தன. கப்பன் பூங்காவில் அவர் பெயரால் எழுந்த மண்டபம் இன்று நூலகமாக இருக்கிறது; 1913இல் திறந்த அவர் சிலை அதன் முன்னே நிற்கிறது.