இசைச்செல்வர் சைகல்

நம் நாட்டில் 1931-ஆம் ஆண்டு பேசும் படம் தோன்றியபோது, அதன் பாட்டு நாடக மேடையின் வழிவந்ததாகவே இருந்தது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டுமென்று, உச்ச ஸ்தாயியில் உரக்கப் பாடுவதே அக்காலத்தில் சிறப்பெனக் கருதப்பட்டது. இம்மரபை மாற்றியவர்களுள் முன்வைத்து எண்ணத்தக்கவர் குந்தன்லால் சைகல்.

அவர் 1904-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் ஜம்முவில் பிறந்தார். தந்தையார் தாசில்தார். பக்தி மிக்க அன்னையாருடன் பஜனைகளுக்குச் சென்றும், ராம்லீலாவில் சீதை வேடம் பூண்டும் பாடப் பழகினார். நெடுங்காலக் குருகுலவாசம் அவருக்கு வாய்க்கவில்லை. படிப்பை இடையில் நிறுத்தி, ரயில்வேயில் டைம்கீப்பராக அமர்ந்தார். ரயில்வே ஊழியராகிய நமக்கு இஃது ஒரு தனி உவகை. பின்னர் ரெமிங்டன் தட்டச்சுப் பொறிகளை விற்கும் வேலையில் ஊர் ஊராகத் திரிந்தார்.

கல்கத்தாவில் நியூ தியேட்டர்ஸ் இசையமைப்பாளர் ஆர். ஸி. போரால் அவருடைய குரலை மதித்து ஆதரித்தார். மைக்கின்முன் கத்தவேண்டியதில்லை, மெல்லப் பாடினாலும் மூச்சின் அசைவுகூடப் பதிவாகும். இதனை நன்குணர்ந்த சைகல், அருகிலிருப்பவரிடம் மனம்விட்டுப் பேசுவதுபோலப் பாடினார். 1935-இல் வெளிவந்த 'தேவதாஸ்' அவர் புகழை நாடெங்கும் பரப்பியது. தமிழில் எடுக்கப்பெற்ற 'தேவதாஸி'லும் அவர் பாடினார் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னணிப் பாட்டு முறை வந்துவிட்ட பின்னரும், 1938-இல் 'ஸ்ட்ரீட் ஸிங்கர்' படத்தில் ஒரு பாட்டை நடந்துகொண்டே நேரிற் பாடினார். மைக்கும் வாத்தியக்காரரும் காமிராவின் கண்ணிற் படாமல் உடன் சென்றனர்.

1941-இன் இறுதியில் பம்பாய் சேர்ந்தார். 1943-இல் வந்த 'தான்ஸேன்' பெருவெற்றி கண்டது. ஆயினும் மதுப்பழக்கம் அவ்வரிய உடலை அரித்தது. 1947-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள், 42 வயதிலேயே, ஜலந்தரில் அவர் மறைந்தார். குரலைக் காத்தவர் உடலைக் காவாமற்போனது நம் நெஞ்சை வருத்துகிறது.

எனினும் அவர் வகுத்த வழி அழியவில்லை. முகேஷ் தொடக்கத்தில் அவரைப்போலவே பாடினார். கிஷோர் குமார் அவரையே குருவாகப் போற்றினார். இலங்கை வானொலி பல்லாண்டுகள் காலை நேரப் பழைய பாடல் நிகழ்ச்சியைச் சைகல் பாட்டுடனேயே நிறைவு செய்தது.

பஞ்சாபியரான அவர் வங்காள மொழி கற்று, தாகூரின் பாடல்களையும் பாடி, அம்மக்களின் அன்பைப் பெற்றார். பிழைப்பை நாடிப் பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நம் குடும்பத்தினர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. நம் சிறுவர் சிறுமியர் தமிழிசையைப் பேணுவதோடு, அண்டை வீட்டாரின் பாட்டையும் அன்புடன் கற்பார்களாக!